ஜப்பான் பள்ளியா, அமெரிக்கப் பள்ளியா?

"ஜப்பான்ல பிள்ளைங்களே கக்கூஸ் கழுவுறாங்க, தெரியுமா?" என்பார் ஒருவர். "அமெரிக்காவுல பிடிச்ச பாடத்தை எடுத்துப் படிக்கலாம், தெரியுமா?" என்பார் இன்னொருவர். கல்வியைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் இந்த இரண்டு நாடுகளும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்னவருக்கு ஒழுக்கம் வேண்டும். பின்னவருக்குச் சுதந்திரம் வேண்டும். இருவருக்கும் ஆதாரம், யாரோ அனுப்பிய ஒரு வீடியோ!

வீடியோவை நம்பாமல், அந்த இரண்டு நாட்டுப் பள்ளிகளிலும் உள்ளே போய் உட்கார்ந்து படித்தவர்களைக் கேட்கலாமே? அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் பரிமாற்ற மாணவர்கள். அந்நிய ஊரில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் சில மாதங்களோ ஒரு வருடமோ தங்கி, அந்த ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படித்துவிட்டு வருகிறவர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, அதை எம். புதுப்பட்டியில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் பளிச்சென்று தெரியும்.

ஏன் எம். புதுப்பட்டி? சிவகாசிக்குப் பக்கத்து ஊர் அது. பட்டாசும் தீப்பெட்டியும் சோறு போடும் வட்டாரம். பிள்ளை பள்ளிக்கூடம் போவதா, தீப்பெட்டி ஆபீசுக்குப் போவதா என்ற கேள்வி ஒரு தலைமுறைக்கு முன்புவரை வீட்டுக்கு வீடு எழுந்த பூமி. இங்கே பள்ளிக்கூடம் என்பது பட்டிமன்றத் தலைப்பு இல்லை, வாழ்க்கைப் பிரச்சினை. எந்த நாட்டுக் கல்வி முறை உசத்தி என்று பேசுகிறவர்கள், இந்த ஊர்ப் பிள்ளைக்கு அதனால் என்ன கிடைக்கும் என்று சொல்லியாக வேண்டும்.

போனவர்கள் பார்த்தது

ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் கதை ரொம்பப் பழையது. 1871-ஆம் ஆண்டு ஜப்பான் அரசு ஐந்து சிறுமிகளைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியது. கடைக்குட்டி சுடா உமேகோவுக்கு அப்போது வயது 6. பதினோரு வருடம் கழித்து 1882-இல் திரும்பி வந்தபோது அவருக்குத் தாய்மொழியே மறந்து போயிருந்தது! அதே சுடா உமேகோ 1900-இல் பெண்களுக்காக டோக்கியோவில் ஒரு கல்வி நிலையம் தொடங்கினார். இன்று அது பல்கலைக்கழகம். 2024-இல் வந்த 5000 யென் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒரு சிறுமி, தன் நாட்டில் இல்லாத ஒன்றை உண்டாக்கினாள். பரிமாற்றத்தின் முழுப் பயன் அதுதான்.

பள்ளி மாணவர் பரிமாற்றம் பெரிய அளவில் நடக்கத் தொடங்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பான ஏ.எஃப்.எஸ்., 1947 முதல் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பத் தொடங்கியது. ஒருவரை ஒருவர் குண்டு போட்டுக்கொண்ட நாடுகளின் பிள்ளைகள் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் அடுத்த போர் வராது என்பது அதன் நம்பிக்கை. இந்தியாவிலிருந்தும் மாணவர்கள் போகிறார்கள். 2003 முதல் மாணவர்களை வரவழைத்த கென்னடி-லூகர் திட்டத்தில் இந்திய மாணவர்களும் அமெரிக்கக் குடும்பங்களில் தங்கி ஒரு கல்வியாண்டு படித்திருக்கிறார்கள். 2014-இல் ஜப்பான் தொடங்கிய சகுரா அறிவியல் பரிமாற்றத் திட்டத்தில் பள்ளி மாணவர்கள் ஒரு வாரம் போல ஜப்பான் போய் வருகிறார்கள்.

ஜப்பானுக்குப் போகும் அமெரிக்க மாணவர்கள் சொல்வதில் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போடும் செருப்புக்கு மாற வேண்டும். மாணவர்கள் வகுப்பறை வகுப்பறையாக ஓடுவதில்லை. ஒரே அறையில் இருக்கிறார்கள், ஆசிரியர்தான் மாறி மாறி வருகிறார். பாடம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து வணங்குகிறார்கள். தினமும் கால் மணி நேரம் போல எல்லோரும் துடைப்பமும் துணியுமாக இறங்கிப் பள்ளியைச் சுத்தம் செய்கிறார்கள். மாலையில் மன்றம்: கூடைப்பந்தோ, எழுத்தோவியமோ, எதில் சேர்ந்தாலும் கிட்டத்தட்ட தினமும் பயிற்சி. மன்றத்தில் மூத்தவர், இளையவர் மரியாதை கடுமை. வகுப்பில் யாரும் கை தூக்கிக் கேள்வி கேட்பதில்லை. சாயங்காலம் பலர் டியூஷன் சென்டருக்குப் போகிறார்கள்.

அமெரிக்காவுக்குப் போகும் ஜப்பானிய மாணவர்கள் சொல்வது இதற்கு நேர் எதிர்த் திசை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி டைம்டேபிள். மணி அடித்தால் மாணவர்கள்தான் ஓட வேண்டும். ஒரே வகுப்பில் ஒன்பதாவதும் பன்னிரண்டாவதும் சேர்ந்து உட்காரும். சமையலும் எடுக்கலாம், நாடகமும் எடுக்கலாம், கடினமான கணிதமும் எடுக்கலாம். வாயைத் திறந்து பேசாவிட்டால் மதிப்பெண் குறையும். பள்ளியைப் பெருக்கத் தனி ஆள் இருக்கிறார். மதியம் உணவுக்கூடத்தில் தட்டோடு நிற்கும்போது எந்த மேசையில் போய் உட்காருவது என்பதே பெரிய சோதனை. ஜப்பானில் வகுப்பு முழுக்கச் சேர்ந்தே இருந்து பழகிய பிள்ளைக்கு, யாருமே கூப்பிடாத அந்த நிமிடம் மிக நீண்டதாக இருக்கும்.

இதை எம். புதுப்பட்டிப் பிள்ளை படித்தால் என்ன நினைக்கும்? வாசலில் செருப்பைக் கழற்றிப் போடுவதா? அது இங்கேயும் உண்டே! எழுந்து நின்று வணக்கம் சொல்வதா? அதுவும் உண்டு. ஆசிரியர் வகுப்புக்கு வருவது, கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருப்பது, சாயங்காலம் டியூஷன் எல்லாம் உண்டு. பழக்கவழக்கத்தில் பார்த்தால் தமிழ்நாட்டுப் பள்ளி ஏற்கெனவே பாதி ஜப்பான்தான். அப்படியானால் ஜப்பானுக்குக் கிடைத்தது ஏன் இங்கே கிடைக்கவில்லை?

இக்கரைக்கு அக்கரை பச்சை

அதற்கு முன் ஒரு வேடிக்கை. நாம் அண்ணாந்து பார்க்கும் இந்த இரண்டு நாடுகளும் பல காலம் ஒன்றையொன்று பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

1983-இல் 'ஆபத்தில் ஒரு தேசம்' என்ற அறிக்கை அமெரிக்காவில் வெளியானது. நம் பள்ளிகள் கெட்டுப்போய்விட்டன, மற்ற நாடுகள் முந்துகின்றன என்று அது அபாய மணி அடித்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கக் கல்வியாளர்கள் ஜப்பான் வகுப்பறைகளை வியந்து வியந்து எழுதினார்கள். அதற்கு அடுத்த வருடமே, 1984-இல், ஜப்பான் பிரதமர் நகசோனே ஒரு கல்விச் சீர்திருத்தக் குழுவை அமைத்தார். அந்தக் குழு சொன்னது என்ன? நம் பிள்ளைகளை மனப்பாட இயந்திரங்களாக்கிவிட்டோம், தனித்தன்மை வளர வேண்டும் என்பது!

அந்த வழியில் போய் 2002-இல் ஜப்பான் தொடக்க, நடுநிலைப் பாடச்சுமையைச் சுமார் 30 சதவீதம் குறைத்தது. சனிக்கிழமைப் பள்ளியையும் அடியோடு நிறுத்தியது. 2004 டிசம்பரில் பீசா எனப்படும் சர்வதேச மாணவர் மதிப்பீட்டின் முடிவு வந்தது. ஜப்பானின் இடம் இறங்கியிருந்தது. நாடே அலறியது. 2008-இல் பாடத்திட்டத்தை மறுபடி கனமாக்கினார்கள். அதே சமயத்தில் டோக்கியோவில் இன்னொரு மோகம் கிளம்பியது. என்ன தெரியுமா? இந்தியக் கணிதம்! 19 வரை வாய்ப்பாடு சொல்லும் இந்தியப் பிள்ளைகளைப் பற்றிப் புத்தகங்கள் விற்றன. டோக்கியோவில் 2004-க்குப் பிறகு தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளிகளில் ஜப்பானியப் பெற்றோர் இடம் தேடி வந்தார்கள். நாம் ஜப்பானைப் பார்த்து ஏங்க, ஜப்பான் இந்தியாவைப் பார்த்து ஏங்க... நல்ல கூத்து!

இந்தியாவும் ஒருமுறை அந்த பீசா தேர்வை எழுதியது. நாட்டிலிருந்து அனுப்பப்பட்ட இரண்டு மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு, மற்றது இமாச்சலப் பிரதேசம். 2011 டிசம்பரில் முடிவு வந்தது. கணிதத்தில் தமிழ்நாட்டின் சராசரி 351. அதே தேர்வின் 2009 சுற்றில் ஜப்பான் 529, அமெரிக்கா 487. பங்கேற்ற எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளில் நம் இரண்டு மாநிலங்களும் கடைசி வரிசையில் நின்றன. அதற்குப் பிறகு 2012, 2015, 2018, 2022 எந்தச் சுற்றிலும் இந்தியா பங்கேற்கவில்லை. கண்ணாடியில் முகம் சரியில்லை என்று கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டோம்.

பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் விருதுநகர். தேர்ச்சி வேறு, கற்றது வேறு என்பதை இந்த 351 முகத்தில் அடித்த மாதிரி சொன்னது.

துடைப்பம் யார் கையில்?

இனி அந்தப் புகழ்பெற்ற துடைப்பத்துக்கு வருவோம். ஜப்பான் பள்ளியைப் பற்றிய வீடியோக்களில் அதிகம் பகிரப்படுவது இதுதான். "இங்கேயும் இதைக் கொண்டு வரணும்" என்று அதன் கீழே எப்போதும் எழுதியிருக்கும்.

கொண்டு வருவதா? நம்மூர்ப் பள்ளியில் துடைப்பம் எப்போதோ வந்துவிட்டது. காலையில் வகுப்பைப் பெருக்குவதும் தண்ணீர் தெளிப்பதும் பல பள்ளிகளில் பிள்ளைகள்தான். ஆனால் எந்தப் பிள்ளைகள்? பெரும்பாலும் பெண்பிள்ளைகள். பையன்கள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். கழிப்பறை என்று வந்தால் கேள்வி இன்னும் கசப்பாகும். 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பட்டியலினப் பிள்ளைகளைக் கொண்டு கழிப்பறையைச் சுத்தம் செய்ய வைத்ததாகப் புகார் எழுந்து, தலைமை ஆசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். நாடெங்கும் இந்த மாதிரிச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஜப்பானில் துடைப்பம் முறை வைத்துச் சுற்றுகிறது. டாக்டர் மகனும் துடைக்கிறான், டிரைவர் மகளும் துடைக்கிறாள். முதல் ரேங்க் வாங்குகிறவனுக்கு விலக்கு இல்லை. பல பள்ளிகளில் ஆசிரியரும் சேர்ந்து குனிந்து துடைக்கிறார். அதனால் அங்கே அது பாடம். இங்கே யார் பெருக்க வேண்டும் என்பது பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் அது தண்டனை. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே வேலைதான். ஒன்று சமத்துவத்தைக் கற்றுக் கொடுக்கிறது, மற்றது சாதியைக் கற்றுக் கொடுக்கிறது.

ஜப்பானிலும் சாதி மாதிரி ஒன்று இருந்தது, புராக்குமின் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள், அவர்கள் மீதான பாகுபாடு முழுதாக மறைந்துவிடவும் இல்லை. ஆனாலும் பள்ளித் துடைப்பத்தை அவர்கள் கையில் மட்டும் கொடுத்துவிட்டு அதற்கு 'ஒழுக்கக் கல்வி' என்று பெயர் வைக்கவில்லை. துடைப்பத்தை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது. அதைச் சுற்ற வைக்கும் முறையையும் சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டும்.

சுதந்திரத்துக்கும் விலை உண்டு

அமெரிக்கச் சுதந்திரத்துக்கும் இதே கணக்குதான். பிடித்த பாடத்தை எடுக்கலாம், சரி. அந்தப் பாடத்தை நடத்த ஆசிரியர் அந்தப் பள்ளியில் இருக்க வேண்டுமே? அமெரிக்காவில் பள்ளிக்கான பணத்தில் பெரும் பகுதி அந்தந்த ஊரின் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு மதிப்பு அதிகமுள்ள ஊரில் பள்ளியும் பணக்காரப் பள்ளி. ஏழை ஊரில் ஏழைப் பள்ளி. இது அநியாயம் என்று டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரத்துப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், இந்த ஏற்றத்தாழ்வு அந்நாட்டு அரசியல் சட்டத்துக்கு விரோதமானது இல்லை என்று தீர்ப்பு சொல்லிவிட்டது.

ஆகவே ஒரு ஜப்பானிய மாணவி அமெரிக்காவுக்குப் போய் "இருபது மன்றம், நீச்சல்குளம், நாடக அரங்கம்" என்று எழுதினால், அவள் பார்த்தது அமெரிக்காவை இல்லை. அவளுக்கு வீடு கிடைத்த ஊரை. வேறு ஊரில் வீடு கிடைத்திருந்தால் வேறு கதை எழுதியிருப்பாள்.

ஜப்பானில் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை மத்திய அரசு தருகிறது, மீதியை மாகாணம் தருகிறது. ஆசிரியர்களை மாகாணம் சில வருடங்களுக்கு ஒருமுறை பள்ளி மாற்றிக்கொண்டே இருக்கும். நல்ல ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே பள்ளியில் தேங்கிவிட முடியாது. தீவுக் கிராமத்துக்கும் ஒரு நாள் வந்தாக வேண்டும். மதிய உணவு வகுப்பறையிலேயே எல்லோருக்கும் ஒன்றுதான். பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு பரிமாறுகிறார்கள். பிள்ளைகளுக்கு முன் தலைமை ஆசிரியர் ருசி பார்க்கிறார்.

ஆனால் இந்தச் சமத்துவம் பதினைந்து வயதுவரைதான். கட்டாயக் கல்வி ஒன்பது வருடத்தோடு முடிகிறது. மேல்நிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு. அங்கே சல்லடை போட்டுச் சலித்துவிடுவார்கள். பரிமாற்ற மாணவர்கள் போய் உட்காருவது பெரும்பாலும் இப்படிச் சலித்து முடித்த மேல்நிலைப் பள்ளியில். ஜப்பான் பள்ளியின் உண்மையான பலம் அவர்கள் பார்க்காத தொடக்கப் பள்ளியில் இருக்கிறது!

நம் பக்கம் எப்படி? கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒருவர் கூட்டத்துக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். இதைப் பார்க்கும் அம்மா என்ன செய்வாள்? கடனை வாங்கியாவது பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவாள். அந்தக் கடனை அடைக்க அவள் போவது பட்டாசு ஆலைக்கு. 2023 அக்டோபர் 17 அன்று சிவகாசி அருகே ரெங்கபாளையத்தில் நடந்த விபத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கும் பணத்தில் ஒரு பங்கு ஸ்கூல் ஃபீஸாகப் போகும் வட்டாரத்தில், 'பெற்றோருக்குத் தேர்வு சுதந்திரம்' என்ற பேச்சு கொஞ்சம் கொடூரமாகத்தான் ஒலிக்கிறது.

இரண்டு இடத்திலும் இருட்டு உண்டு

ஜப்பானைச் சொர்க்கமாக்கிவிட வேண்டாம். 2023-ஆம் கல்வியாண்டில் அங்கே தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் 3 லட்சத்து 46 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்குப் போக மறுத்து நீண்ட நாள் வராமல் இருந்தார்கள். 2024-இல் தற்கொலை செய்துகொண்ட பள்ளி மாணவர்கள் 500-க்கும் மேல். எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற முறை, ஒன்றாக இருக்க முடியாத பிள்ளையை நசுக்கிவிடுகிறது. மூலையில் தனியாக நிற்கும் பிள்ளைக்கு அமெரிக்கப் பள்ளி கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும்.

அமெரிக்காவையும் சொர்க்கமாக்க வேண்டாம். 1992 அக்டோபரில், நகோயாவிலிருந்து பரிமாற்ற மாணவராக லூசியானா மாநிலத்துக்குப் போயிருந்த 16 வயது யோஷிஹிரோ ஹத்தோரி, ஒரு ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீடு மாறி வேறு வீட்டு மணியை அடித்துவிட்டான். அந்த வீட்டுக்காரர் திருடன் என்று நினைத்துச் சுட்டார். பையன் இறந்துபோனான். 1993-இல் நீதிமன்றம் சுட்டவரை விடுதலை செய்தது.

அந்தப் பையனின் பெற்றோர் என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்டு 17 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டி அதிபர் கிளின்டனைச் சந்தித்தார்கள். மகன் பெயரில் ஒரு நிதி வைத்து, அமெரிக்க மாணவர்களை ஜப்பானுக்கு வரவழைத்தார்கள். "இனிமேல் யாரும் போக வேண்டாம்" என்று கதவைச் சாத்தவில்லை. "நீங்கள் இங்கே வந்து, துப்பாக்கி இல்லாமல் ஊர் எப்படி இருக்கும் என்று பாருங்கள்" என்று கதவைத் திறந்துவிட்டார்கள். பரிமாற்றத்தின் மீது இதைவிடப் பெரிய நம்பிக்கை இருக்க முடியாது.

தீப்பெட்டி சொல்லும் வரலாறு

"ஜப்பான்காரன் ரத்தத்திலேயே ஒழுக்கம் ஊறிப்போயிருக்கு" என்று ஒரு வசனம் உண்டு. சிவகாசிக்காரர்கள் இதை நம்பக் கூடாது. ஏனென்றால் தீப்பெட்டி வேறு கதை சொல்கிறது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் விற்ற தீப்பெட்டிகளில் பெரும்பகுதி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்து 1923 வாக்கில் சிவகாசியில் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு முன்பே கோபே, ஒசாகா நகரங்களில் தீப்பெட்டி ஆலைகள் கொழித்தன. அங்கே குச்சி அடுக்கியவர்களில், பெட்டி ஒட்டியவர்களில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. 1903-இல் ஜப்பான் அரசே வெளியிட்ட தொழிலாளர் நிலை அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. சிவகாசியின் கதை ஜப்பானில் ஏற்கெனவே நடந்த கதைதான்!

1872-இல் ஜப்பான் எல்லோருக்கும் பள்ளி என்று சட்டம் போட்டபோது ஜனங்கள் மாலை போட்டு வரவேற்கவில்லை. கட்டணம், வரி, வேலைக்கு ஆள் குறைவு என்ற கோபத்தில் 1873-இல் சில இடங்களில் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். வீட்டில் தம்பி தங்கையைச் சுமக்கும் சிறுமிகள் பள்ளிக்கு வர முடியவில்லை என்றதும், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே வந்து படிக்கத் தனிப் பள்ளிகள் வைத்தார்கள். 1900-இல் தொடக்கக் கல்விக் கட்டணத்தைப் பொதுவாக நீக்கினார்கள். 1911-இல் இயற்றி 1916-இல் அமலுக்கு வந்த ஆலைச் சட்டம், 12 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைப்பதைப் பொதுவாகத் தடுத்தது. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான குழந்தைத் தொழிலாளர் தடை நிலைத்தது 1938-இல்தான். ரத்தத்தில் ஊறியது எதுவும் இல்லை. சட்டம், பணம், விடாப்பிடி மூன்றும் சேர்ந்து செய்த வேலை.

அந்த மூன்றும் நம் பக்கத்திலும் இருந்திருக்கின்றன. விருதுநகரில் வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து நடத்திய பள்ளி சத்திரிய வித்யாசாலா. அதில் படித்து, பாதியிலேயே நின்றவர் காமராஜர். அவர் முதல்வராக இருந்தபோது 1956-இல் மதிய உணவு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கியது. 1988 முதல் சிவகாசி வட்டாரத்தில் குழந்தைத் தொழிலாளர்களுக்கான சிறப்புப் பள்ளிகள் நடந்தன. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சிவகாசிப் பிள்ளைகள் பற்றிய வழக்கில், ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்த முதலாளி பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விடியுமுன் பஸ் வைத்துப் பிள்ளைகளை அள்ளிப்போன காலம் இப்படித்தான் மலையேறியது. பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவரும் பாதி வேலையை முடித்துவிட்டோம். உள்ளே வந்த பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பது மீதிப் பாதி.

எதை எடுத்துக்கொள்ளலாம்?

ஜப்பானிடமிருந்து இரண்டு. முதலாவது, ஒரே தட்டு. சத்துணவை ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்ற விதி இங்கேயும் உண்டு. ருசி பார்ப்பதோடு நிற்காமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதையே சாப்பிட்டால், 'சத்துணவு சாப்பிடுறவன்' என்ற கேலிப் பேச்சு செத்துவிடும். இரண்டாவது, முறை வைத்துச் சுற்றும் துடைப்பம். பையனும் பெண்ணும், முதல் ரேங்கும் கடைசி ரேங்கும், தலைமை ஆசிரியரும் அந்தச் சுற்றில் இருக்க வேண்டும். கழிப்பறைக்குச் சம்பளத்தோடு கையுறையோடு தனி ஆள் வேண்டும். இது முடியாது என்றால், துடைப்பத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

அமெரிக்காவிடமிருந்தும் இரண்டு. கேள்வி கேட்கும் பிள்ளைக்கு மதிப்பெண். பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து "நீ ஃபர்ஸ்ட் குரூப், நீ தேர்ட் குரூப்" என்று நெற்றியில் எழுதுவதற்குப் பதிலாக, உனக்கு எது பிடிக்கும் என்று கேட்க ஒரு ஆள்.

கடைசியாக ஒன்று. பரிமாற்றம் என்றால் விமானம் ஏற வேண்டும் என்று யார் சொன்னது? எம். புதுப்பட்டி அரசுப் பள்ளிப் பிள்ளை ஒரு பருவம் சென்னை அண்ணா நகரில் ஒரு வீட்டில் தங்கி, அந்த வீட்டுப் பிள்ளை படிக்கும் பள்ளியில் படிக்கட்டும். அந்த வீட்டுப் பிள்ளை அதே பருவம் எம். புதுப்பட்டியில், பட்டாசுத் தொழிலாளி வீட்டில் தங்கி அரசுப் பள்ளியில் படிக்கட்டும். இரண்டு பிள்ளைகளும் திரும்பி வந்து எழுதும் கட்டுரையைப் படித்தால், ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள தூரம் எவ்வளவு சின்னது என்று தெரிந்துவிடும். இந்தத் திட்டத்துக்கு விசா வேண்டாம், டிக்கெட் செலவும் கொஞ்சம்தான்.

ஆனால் சென்னைப் பெற்றோர் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? தங்கள் பிள்ளையை அனுப்பத் துணியாத பள்ளியில் இன்னொருவர் பிள்ளை தினமும் படிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிற நாளில்தான், ஜப்பானையும் அமெரிக்காவையும் பற்றிப் பேசும் தகுதி நமக்கு வரும்.